மேடவாக்கம் தண்ணீரும் என் எஸ்பிரெஸ்ஸோ மெஷினும்

பம்ப் மாற்ற 3,800 ரூபாய். அதற்கு ஆள் வந்துபோன கட்டணம் 900. கிரைண்டரில் கொட்டையை அரைக்கும் பல்வட்டு, அதாவது பர், மாற்ற 4,500. சோலனாய்டு வால்வு 5,200, அதைக் கழற்றி மாட்டிய கூலி 1,500. இதில் முதல் மூன்றும் தேவையே இல்லாத செலவு என்பது பிறகுதான் தெரிந்தது. வாயில் வைக்க முடியாமல் சிங்க்கில் கொட்டிய காப்பியையும் சேர்த்தால் கணக்கு இருபதாயிரத்தைத் தொட்டுவிடும். 68,000 ரூபாய்க்கு மெஷின் வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத நிலையில் இவ்வளவும் போனது, தண்ணீரால். வாரண்டி இருந்ததே என்று கேட்பீர்கள். உப்புப் படிவதால் வரும் பழுதுக்கு அது பொருந்தாது என்று அட்டையில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. உங்கள் அட்டையிலும் அநேகமாக இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

நான் கோயம்புத்தூர்க்காரன். சிறுவாணித் தண்ணீரில் போட்ட காப்பி குடித்து வளர்ந்தவன். எங்கள் வீட்டில் நல்ல தண்ணிக்கு ஒரு குடம், உப்புத் தண்ணிக்கு ஒரு குடம் என்று தனித்தனியாக இருக்கும். நல்ல தண்ணியில் பருப்பு சீக்கிரம் வேகும், சோப்பு நுரைக்கும். உப்புத் தண்ணி கழுவவும் துவைக்கவும். சென்னைக்கு வந்து மேடவாக்கத்தில் ஃபிளாட் வாங்கியபோது அந்தப் பிரிவெல்லாம் போய்விட்டது. போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் ஒரே சம்ப்பில் கலந்து மாடித் தொட்டிக்கு ஏறுகின்றன. குடிக்க மட்டும் ஆர்ஓ. மெஷின் விற்ற கடையில் “என்ன தண்ணி ஊத்துவீங்க சார்?” என்று கேட்டார்கள். ஆர்ஓ என்றேன். “அப்ப பிரச்சினையே இல்ல சார்.” தண்ணீரைப் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்தது. அரவையைப் பற்றி மட்டும் முக்கால் மணி நேரம் பேசினோம்.

முதலில் கெட்டது ருசி. சிக்மகளூர்க் கொட்டை, மிதமான வறுவல், 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காப்பி, 28 விநாடி. எல்லாம் சொன்னபடிதான் செய்தேன். ஆனால் கோப்பையில் வந்தது சுண்ணாம்புத் தண்ணீரில் கலந்த டிகாக்ஷன் மாதிரி மந்தமாக இருந்தது. பையில் எழுதியிருந்த ஆரஞ்சும் இல்லை, வெல்லமும் இல்லை. அதே கொட்டையை அதே ரோஸ்டரின் கடையில் குடித்தால் புளிப்பும் இனிப்புமாகத் துள்ளுகிறது. அரவையை மாற்றினேன், சூட்டை மாற்றினேன், கொட்டையை மாற்றினேன். கேட்டவர்கள் எல்லாரும் கிரைண்டரைத்தான் கைகாட்டினார்கள். பர் தேய்ந்திருக்கும் என்றார்கள், மாற்றினேன். மந்தம் அப்படியே இருந்தது.

அடுத்து மெஷினே மக்கர் செய்ய ஆரம்பித்தது. தண்ணீர் வருவது மெலிந்தது. ஷாட், அதாவது ஒரு தடவை காப்பி வடிப்பது, முடிந்த பிறகும் தண்ணீர் இறங்கும் வாயான குரூப் ஹெட்டில் சொட்டிக்கொண்டே இருந்தது. ஒருநாள் காலையில் தூளை நிரப்பி மாட்டும் கைப்பிடியான போர்ட்டாஃபில்டரைத் திருப்பிக் கழற்றும்போது உள்ளே நின்ற அழுத்தம் வெடித்து, சூடான தூள் சட்டையிலும் கழுத்திலும் அடித்தது. கண்ணில் படாதது அதிர்ஷ்டம். ஷாட் முடிந்ததும் அழுத்தத்தை வெளியேற்றும் சோலனாய்டு வால்வு அடைத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும் என்று இப்போது தெரியும். சர்வீஸுக்கு வந்தவர் சத்தத்தைக் கேட்டார், “பம்ப் போச்சு சார்” என்றார், மாற்றினார், போனார். இரண்டு வாரம் சரியாக ஓடியது போல் இருந்தது. பிறகு பழைய கதை.

இங்கே ஒரு சோதனையைச் சொல்லிவிடுகிறேன். மெஷின் புதிதாக இருக்கும்போதே, போர்ட்டாஃபில்டர் மாட்டாமல் 10 விநாடி தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து எடைபோட்டுக் குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்தால் போதும். எடை குறைந்துகொண்டே வந்தால் உள்ளே எங்கோ அடைக்கிறது என்று அர்த்தம். என் மெஷினில் இப்போது 80 கிராம் வருகிறது. பழுதாகிக் கிடந்தபோது 30-ஐத் தாண்டவில்லை. இந்த ஒரு எண் கையில் இருந்திருந்தால் பம்ப்காரரோடு நான் வேறு மாதிரி பேசியிருப்பேன்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது அம்மா. ஊரிலிருந்து வந்திருந்தபோது வெந்நீர் வைக்கும் மின்சாரக் கெட்டிலைத் திறந்து பார்த்துவிட்டு, “ஏங்கண்ணு, இதுல உப்புத் தண்ணியா ஊத்தற?” என்றார். ஆர்ஓ தண்ணீர்தான் அம்மா என்றேன். “அப்புறம் எப்படி அடியெல்லாம் வெள்ளையாப் பூத்திருக்குது?” நியாயமான கேள்வி. கெட்டிலுக்கும் மெஷினுக்கும் ஒரே குழாய்த் தண்ணீர்தான் போகிறது. கெட்டிலைத் திறந்து தேய்த்துவிடலாம். மெஷினின் பாய்லருக்குள் யார் எட்டிப் பார்க்கிறார்கள்?

தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை நானூறு ரூபாய்க்கு வாங்கி ஆர்ஓ குழாயில் பிடித்துப் பார்த்தேன். 320. சம்ப் தண்ணீர் 1,100. ஆர்ஓவின் வடிகட்டும் சவ்வான மெம்பரேன் ஒழுங்காக வேலை செய்தால் 1,100 நாற்பது ஐம்பதுக்கு இறங்கியிருக்க வேண்டும். ஆர்ஓ சர்வீஸ்காரரை அழைத்துக் கேட்டேன். சர்வ சாதாரணமாகச் சொன்னார்: “ரொம்பக் கம்மியா இருந்தா சத்தே இருக்காது சார், ருசியும் இருக்காது. கன்ட்ரோலரைக் கொஞ்சம் திறந்து வெச்சிருக்கேன்.” நிறைய ஆர்ஓ இயந்திரங்களில் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு உண்டு. அதைத் திறந்தால் மெம்பரேன் வழியே போகாத தண்ணீர் கொஞ்சம் பக்கவாட்டில் வந்து கலக்கும். குடிப்பதற்கு அதில் பெரிய கெடுதல் ஒன்றுமில்லை. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமே டிடிஎஸ் 500 வரை ஏற்கிறது, வேறு வழியில்லாத இடங்களில் 2,000 வரை அனுமதிக்கிறது. ஆனால் அது மனிதர் வயிற்றுக்குப் போட்ட கணக்கு, 93 டிகிரியில் வேலை செய்து நீராவிக்காக 120-ஐத் தாண்டும் பித்தளைப் பாய்லருக்குப் போட்டதல்ல. ஆர்ஓ வைத்திருப்பவர்கள் முதலில் அந்தத் திருகு எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள்.

அடுத்து, டிடிஎஸ் மீட்டரையும் முழுதாக நம்பாதீர்கள். அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து ஒரு எண்ணை ஊகித்துச் சொல்கிறது, அவ்வளவுதான். கரைந்திருப்பது சமையல் உப்பா, சுண்ணாம்பா என்று அதற்குத் தெரியாது. காப்பிக்கு வேண்டிய எண்கள் இரண்டு. ஒன்று கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மெக்னீசியமும். மற்றது காரத்தன்மை, பெரும்பாலும் பைகார்பனேட். தண்ணீர் சூடாகும்போது பைகார்பனேட் உடைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. மிஞ்சும் கார்பனேட் கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகப் படிகிறது. கெட்டிலில் பூத்ததும் கீசர் காயிலைத் தின்பதும் அதுதான். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் கல். ஒன்று இல்லாவிட்டால் மற்றொன்று எவ்வளவு இருந்தாலும் இந்த வகைக் கல் படியாது. ருசியில் பைகார்பனேட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. காப்பியின் அமிலங்களை அது சமன்செய்துவிடும். அளவாக இருந்தால் புளிப்பு மட்டுப்படும், அதிகமானால் காப்பி செத்துவிடும். என் மந்தமான கோப்பைக்குக் காரணம் பர் அல்ல என்று இங்கேதான் புரிந்தது.

இந்த இரண்டையும் வீட்டிலேயே அளக்கலாம். மீன் வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் சொட்டு மருந்துச் சோதனை கிட் போதும். சென்னையில் கொளத்தூர் மீன் கடைகளில் விசாரித்தால் கிடைக்கும், ஆன்லைனிலும் உண்டு. ஜிஎச் என்பது கடினத்தன்மை, கேஎச் என்பது காரத்தன்மை. 5 மில்லி தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும்வரை எண்ண வேண்டும். ஒரு சொட்டுக்கு ஒரு டிகிரி, அதாவது லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம். தண்ணீர் மென்மையாக இருந்தால் 10 மில்லி எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு சொட்டு அரை டிகிரியாகிவிடும், கணக்கு துல்லியமாக வரும். என் சம்ப் தண்ணீருக்குக் கடினத்தன்மை 24 சொட்டு, காரத்தன்மை 17. கலப்பட ஆர்ஓவுக்கு 7, 5. அதாவது கடினத்தன்மை 125, காரத்தன்மை 90 அளவில். தினமும் நீராவி பிடிக்கும் மெஷினில் கல் கட்ட இது தாராளம். கல் தொல்லையிலிருந்து தப்பியவர்கள் குளோரைடையும் பார்க்க வேண்டும். கடலோரத்து போர் தண்ணீரில் உப்பு ஏறியிருந்தால் அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாய்லரை அரிக்கும். மெஷின் கம்பெனிகள் குளோரைடுக்கு வரம்பு போட்டிருப்பது அதற்காகத்தான்.

உள்ளே படிந்த கல்லை எடுக்கும் கதை தனி. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் ஆசிட், லிட்டருக்கு 25 கிராம். பாய்லரில் ஏற்றி, சிறிது நேரம் ஊறவிட்டு, வெளியேற்றி, பிறகு இரண்டு மூன்று டேங்க் நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். செய்தேன். அதற்கு முன் மெலிதாகவாவது வந்துகொண்டிருந்த தண்ணீர் அடியோடு நின்றுவிட்டது! வேறொரு மெக்கானிக் வந்து சோலனாய்டைக் கழற்றிக் காட்டினார். பாய்லர் சுவரிலிருந்து பெயர்ந்த செதில்கள் வால்வின் வாயில் குவிந்து, உள்ளே இருக்கும் தண்டு நகர முடியாமல் சிக்கியிருந்தது. இளசாக இருக்கும் கல் கரையும், தடித்த கல் செதிலாகப் பெயரும். ஆகவே நிறைய நாள் ஓடிய மெஷினாக இருந்தால், நீங்களாக ஆசிட் ஊற்றாமல் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அலுமினியம் பாய்லராக இருந்தால் இன்னும் கவனம், ஆசிட் அலுமினியத்தையே தின்னும். கையேட்டில் சொன்னதைத் தவிர வேறெதையும் ஊற்ற வேண்டாம். வினிகரை ஊற்றச் சொல்பவர்களும் உண்டு. அந்த நாற்றம் ரப்பர் வளையங்களை விட்டுப் போக வெகுநாள் ஆகும்.

வால்வு மாற்றியாயிற்று. ஆர்ஓ கன்ட்ரோலரையும் முழுக்க மூடச் சொன்னேன். டிடிஎஸ் 38. கடினத்தன்மை ஒரு சொட்டுக்கும் கீழே, காரத்தன்மை அரைச் சொட்டு. இனி கவலையில்லை என்று நிம்மதியாக முதல் ஷாட் எடுத்துக் குடித்தேன். பல் கூசியது. புளிப்பென்றால் பழத்தின் புளிப்பு அல்ல, நுனி நாக்கை வெட்டும் வெற்றுப் புளிப்பு. அதில் திடமே இல்லை. மந்தத்திலிருந்து தப்பி இங்கே வந்து விழுந்ததில் எனக்கு அழுகையே வந்துவிட்டது, சும்மா சொல்லவில்லை. போதாக்குறைக்கு, இவ்வளவு வெறுமையான தண்ணீர் பித்தளைக்கும் செம்புக்கும் நல்லதல்ல, மெல்ல மெல்ல உலோகத்தைக் கரைக்கும். தானாகத் தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் பெரிய மெஷின்களில் வேறு தொல்லை. பாய்லரில் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கும் கம்பி மின்சாரத்தைக் கடத்திப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் மாதிரித் தூய தண்ணீர் சரியாகக் கடத்தாது, மெஷின் காலி என்று நினைத்து நிரப்பிக்கொண்டே போகும். பேட்டரித் தண்ணீர் குடிப்பதற்கென்று தயாரித்ததும் இல்லை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஏசி காயிலில் என்னென்ன அழுக்கு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கேன் தண்ணீரையும் முயன்றேன். 20 லிட்டர் கேன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு எண் காட்டியது. ஒரே கடை, ஒரே லேபிள், ஒன்று 25, அடுத்தது 90. அதை நம்பி ஒன்றும் செய்ய முடியாது. பாட்டிலில் வரும் இயற்கை மினரல் வாட்டர் வாங்குபவர்கள் லேபிளில் இருக்கும் கால்சியத்தை 2.5-ஆலும் மெக்னீசியத்தை 4.1-ஆலும் பெருக்கிக் கூட்டினால் கடினத்தன்மை வரும். பைகார்பனேட்டை 0.82-ஆல் பெருக்கினால் காரத்தன்மை. தினமும் வாங்கிக் கட்டுப்படியாகாது, பிளாஸ்டிக் குப்பை வேறு.

கடைசியில் வழி கிடைத்தது, வெறும் ஆர்ஓ தண்ணீரில் வேண்டியதை நாமே சேர்ப்பதில். 2014-இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் இருந்த வேதியியலாளர் கிறிஸ்டோபர் ஹெண்டனும், அதே ஊரில் காப்பிக் கடை நடத்திய கொலோனா டாஷ்வுட் தம்பதியும் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். காப்பியின் ருசிப் பொருள்களை மெக்னீசியம் நன்றாகப் பற்றிக்கொள்கிறது, சோடியம் அப்படிப் பற்றுவதில்லை என்று கணினிக் கணக்கில் காட்டியது அந்தக் கட்டுரை. அதைப் படித்தவர்கள் மெக்னீசியம் உள்ள எப்சம் உப்பைத் தேடி ஓடினார்கள். நம் ஊரில் பேதி உப்பு என்று வழங்குவது அதுதான். பயப்படாதீர்கள், காப்பிக்குப் போடும் அளவில் பேதியாகாது. ஆனால் எஸ்பிரெஸ்ஸோ மெஷினுக்கு நான் அதைச் சேர்ப்பதில்லை. ராபர்ட் பாவ்லிஸ் என்ற காப்பி ஆர்வலர் சொன்ன எளிய முறைதான் என்னுடையது. சுத்தத் தண்ணீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் பொட்டாசியம் பைகார்பனேட், வேறு எதுவும் இல்லை. காரத்தன்மை 50 வந்துவிடும், கடினத்தன்மை பூஜ்யம், ஆகவே கல் கட்ட வழியே இல்லை.

100 மில்லிகிராமை வீட்டுத் தராசில் நிறுக்க முடியாது. அதனால் 5 கிராமை அரை லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்து ஒரு பாட்டிலில் வைத்துக்கொள்கிறேன். லிட்டருக்கு அதிலிருந்து 10 மில்லி. மருந்து பாட்டிலோடு வரும் மூடியால் அளந்தால் போதும். என் ஆர்ஓவிலேயே கொஞ்சம் காரத்தன்மை இருப்பதால் 8 மில்லிதான் விடுகிறேன். பொட்டாசியம் பைகார்பனேட் கிடைக்காவிட்டால் ஆப்ப சோடாவே போதும், 4.2 கிராம், மற்றதெல்லாம் அதே அளவு. பேக்கிங் பவுடரை எடுத்துவிடாதீர்கள், அது வேறு சரக்கு. பொட்டாசியம் வாங்கினால் உணவுத் தரம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், ரோஜாச் செடிக்குத் தெளிக்கும் தரத்திலும் அது விற்கிறது. சிறுநீரகப் பிரச்சினைக்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது, ஒரு ஷாட்டில் போவது மிகச் சொற்பம் என்றாலும்.

ருசி? வெறும் ஆர்ஓவில் நாக்கை வெட்டிய அதே கொட்டை, இந்தத் தண்ணீரில் பழப் புளிப்பும் அடியில் ஒரு வெல்ல வாசனையுமாக வந்தது. மெக்னீசியம் சேர்த்த தண்ணீரில் இன்னும் ஒரு பிடி கூடுதலாக இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். மெஷின் இல்லாமல் மேலிருந்து ஊற்றி வடிக்கும் காப்பிக்கு மட்டும் எப்சம் உப்பைச் சேர்த்துப் பார்த்தேன், 6.2 கிராமை அரை லிட்டரில் கரைத்து லிட்டருக்கு 10 மில்லி. அங்கே வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. எஸ்பிரெஸ்ஸோவில் தூள் அதிகம், தண்ணீர் கொஞ்சம் என்பதால் அவ்வளவு தெரிவதில்லை. இரண்டு கரைசலையும் ஒரே பாட்டிலில் கலந்து வைக்காதீர்கள், அடியில் வண்டலாகத் தங்கிவிடும். ஸ்பெஷால்டி காப்பி சங்கம் கடினத்தன்மை 50 முதல் 175 வரை இருக்கலாம் என்கிறது. நாக்கைக் கேட்டால் சரிதான். கழற்றி மாட்டிய கூலி கொடுத்தவன் என்ற முறையில் எனக்கு அதன் மேல்பாதி வேண்டாம்.

தினமும் பால் சேர்த்து மட்டும் குடிப்பவர்கள் ருசிக்காக இவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை. பால் பாதி வித்தியாசத்தை மறைத்துவிடும். கறுக்க வறுத்த கொட்டையும் சிக்கரியும் போட்ட ஃபில்டர் காப்பி இந்தத் தண்ணீர்ச் சண்டையில் சிக்காமல் இருப்பதற்கும் அது ஒரு காரணம், அதில் காப்பாற்ற வேண்டிய புளிப்பு ஏற்கெனவே இல்லை. ஆனால் பால் குடிப்பவர்கள்தான் நீராவியை அதிகம் பிடிக்கிறார்கள். ஆவி போகும், உப்பு பாய்லரிலேயே தங்கும், நாளுக்கு நாள் செறியும். அதனால் அவர்கள் மெஷினுக்காகவாவது தண்ணீரைப் பார்க்க வேண்டும். ஒரே பாய்லர் உள்ள மெஷினாக இருந்தால், பால் அடித்து முடித்ததும் குரூப் வழியாக ஒரு டம்ளர் தண்ணீரை ஓடவிட்டுப் பாய்லரைப் புதுப்பிப்பது நல்ல வழக்கம்.

மெட்ரோ வாட்டர் வருகிறவர்கள் ஒருமுறை அளந்துவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம். ஏரித் தண்ணீர், வீராணம், நெம்மேலியில் கடல்நீரைச் சுத்திகரித்து வருவது என்று எது எப்போது எவ்வளவு கலக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். போர் தண்ணீரும் அப்படித்தான். கார்த்திகை மழைக்குப் பிறகு எங்கள் சம்ப்பில் மீட்டர் நன்றாக இறங்கியது, சித்திரையில் பழையபடி ஏறிவிட்டது. வீட்டுக்கே சாஃப்ட்னர் போட்டிருப்பவர்களுக்கு: அது கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைத் தருகிறது, டிடிஎஸ் ஏறக்குறைய மாறாது. கல் கட்டாது, ஆனால் காரத்தன்மையும் குளோரைடும் அப்படியே இருக்கும், மந்தமும் இருக்கும்.

ஆர்ஓவை நம்பிக் கலப்பவர்கள் மெம்பரேனையும் கண்காணிக்க வேண்டும். கலப்பதற்கு முன் வெறும் ஆர்ஓவின் டிடிஎஸ்ஸை மாதம் ஒருமுறை பாருங்கள். என்னுடையது 38-இல் ஆரம்பித்தது, 70-ஐத் தாண்டினால் மறுபடி சொட்டு கிட்டை எடுப்பேன். அப்போது கடினத்தன்மை இரண்டு சொட்டைத் தொட்டிருந்தால் பைகார்பனேட்டின் அளவைக் குறைத்து ஒப்பேற்றாமல் மெம்பரேனையே மாற்றச் சொல்லிவிடுவேன். மாற்ற வருபவரிடம் கிளம்பும் முன் கன்ட்ரோலர் மூடியிருக்கிறதா என்று கேளுங்கள். அவர் பழக்கத்தில் திறந்து வைத்துவிட்டுப் போவார்.